முள் பார்த்த வாய்

எங்கள் வீட்டில் எச்சிலுக்கு நான்தான் போலீஸ். நாங்கள் வேலை செய்யும் மரக்காணம் உப்பளத்தில் குடிதண்ணீர் கிடையாது. வீட்டிலிருந்து கேனில் எடுத்துப்போக வேண்டும். யாராவது அதில் வாய் வைத்துவிட்டால் போச்சு. "அண்ணாந்து குடிங்கப்பா, ஊர் எச்சிலையெல்லாம் நாங்க குடிக்கணுமா?" என்று கத்திவிடுவேன். என் ஆறு வயது மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். பள்ளிக்கூடத்தில் யார் மிட்டாயைக் கடித்துக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, அசிங்கம்.

அப்படி வளர்த்த பிள்ளைக்குத்தான் வயிற்றுவலி வந்தது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். தின்ற கொஞ்சத்தையும் வாந்தி எடுத்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம், ஓமத் தண்ணீர் கொடுத்தோம், கண் பட்டிருக்கும் என்று சுற்றிப்போட்டோம். கன்னம் ஒட்டிப்போனதுதான் மிச்சம். கடைசியில் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

டாக்டரம்மா என்னென்னவோ டெஸ்ட் எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது என்றார்.

"எங்கேர்ந்து மேடம் வந்துச்சு? ஸ்கூல் தண்ணியா?"

"தண்ணியா இருக்கலாம், கழுவாத கையா இருக்கலாம். பெரும்பாலும் வீட்டுல ஒருத்தருக்கு இருந்து, எச்சில் வழியா, வாந்தி வழியா புள்ளைங்களுக்கு வரும். இதுதான்னு அடிச்சிச் சொல்ல முடியாதும்மா. வீட்டுல யாருக்காவது வயித்தெரிச்சல் இருக்குதா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குப் பல வருஷமாக எரிச்சல். விடியுமுன் வெறும் வயிற்றோடு உப்பு வாரப் போனால் எரியாமல் என்ன செய்யும் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவருக்கு இல்லை. எனக்கு இருந்தது.

திரும்பும்போது பஸ் பொம்மையார்பாளையம் தாண்டியதும் அவர் தோளைத் தட்டினேன். "ஏங்க, அளத்துல உப்புத் தண்ணியிலதானே கை கழுவறோம்? அதுல எந்தக் கிருமி பொழைக்கும்?" என்றேன்.

"எனக்கு இன்னாடி தெரியும்? நீதான் எச்சில் ஆவாதுன்னு ஊரையே மெரட்டுவ" என்றார்.

அப்போதுதான் காரப்பொடி மீன் நினைவுக்கு வந்தது. சின்ன மீன், உடம்பெல்லாம் முள். விரலுக்குத் தப்புகிற முள் நாக்குக்குத் தப்பாது. அதனால் ஒவ்வொரு வாயையும் என் வாயில் போட்டு, முள் பார்த்து, எடுத்துத்தான் மகளுக்கு ஊட்டுவேன். அதை எச்சில் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பெற்றவள் வாய் எச்சிலா? எங்கள் தெருவில் பல பேர் அப்படித்தான் ஊட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளெல்லாம் நன்றாகத்தானே ஓடியாடுகின்றன? அப்படியென்றால் மீனா, வீட்டில் எல்லோரும் எடுக்கும் டம்ளரா, கை கழுவிய உப்புத் தண்ணீரா? யோசிக்க யோசிக்க மண்டை குழம்பியது. அடச்சே, யாரையாவது திட்டலாம் என்றால்கூட ஆள் கிடைக்கவில்லை.

எனக்கும் மகளுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தட்டும் டம்ளரும் தனித்தனி, நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், வாயில் வைத்ததைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மாத்திரை முடிந்து மறுபடி டெஸ்ட் எடுத்தபோது மகளுக்குச் சுத்தமாகிவிட்டது. எனக்குப் போகவில்லை. ஒரே கிருமி, ஒரே மாதிரி மாத்திரை, அவளைவிட்டுப் போனது என்னைவிட்டு ஏன் போகவில்லை? டாக்டரம்மா வேறு மாத்திரை எழுதினார். "உங்ககிட்ட இருந்து மறுபடி அவளுக்கு ஒட்டிக்காம பாத்துக்குங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை காரப்பொடிக் குழம்பு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தனித்தனித் தட்டில் சாப்பிட்டோம். நான் விரலால் நெருடி நெருடி முள் எடுத்து அவள் தட்டில் வைத்தேன். பழையபடி ஆசையாகத் தின்றாள். அதைப் பார்க்கவே எனக்கு வயிறு நிறைந்தது. திடீரென்று ஒரு துண்டை வாயில் போட்டு, நாக்கால் துழாவி, வெளியே எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"முள்ளு இல்லம்மா, நான் பாத்துட்டேன். ஆ காட்டு."

யோசிப்பதற்குள் என் முகம் திரும்பிவிட்டது. அந்த விரல் என் உதட்டில் பட்டு, அப்படியே அவள் வாய்க்குத் திரும்பப் போகுமே என்ற பயம். நீட்டிய கை அப்படியே நின்றது.

"என் எச்சில் உனக்கு அசிங்கமாம்மா?"

"இல்லடி செல்லம், என்னுதுதான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் மீனைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவ எழுந்து போனாள்.