செம்பூரில் ஆணி இல்லாத ஒரு வீடு

யுத்தம் முடிந்த மறு வருஷம் மாட்டுங்காவில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. என் அக்காவும் அத்திம்பேரும் மூன்று குழந்தைகளோடு இருந்த ஒற்றை அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். செம்பூருக்கு அப்பால் ஒரு பழைய பண்ணை வீட்டில் பாதியை வாடகைக்கு விடுகிறார்கள் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேருடன் நானும் தொற்றிக்கொண்டேன். ஆபீஸில் கட்டடப் படம் வரைகிறவன் நான். மர வீடு என்றால் எனக்குச் சோறு வேண்டாம்.

காலை 7.10க்கு ரயில். குர்லாவில் மாறிச் செம்பூரில் இறங்கும்போது எட்டு. அங்கிருந்து டிராம்பே சாலையில் இரண்டு மைல், டாங்கா என்ற குதிரை வண்டிக்கு ஆறணா. நடந்தும் போகலாம், மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும்.

வீட்டைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறை! பதினாறு தேக்குத் தூண்கள், ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல். தூண்களின் தலையில் உத்தரங்கள், அதற்கு மேல் நெல் கொட்டும் பரண், அப்புறம் நாட்டு ஓடு. சுவரெல்லாம் வெறும் மூங்கில் தட்டியும் மண்பூச்சும்தான். சுவரை மொத்தமாகப் பிய்த்தெறிந்தாலும் வீடு அசையாது.

வீட்டுக்கார விவசாயி தோண்டிபா பெருமையாக மேலே கையை நீட்டி, "துளயி பகா, துளயி!" என்றார். ‘பகா’ என்றால் பார். அது பம்பாயில் எல்லோருக்கும் தெரியும். அத்திம்பேரின் முகம் விழுந்துவிட்டது.

"ஏண்டா, துளையைப் பாருன்னு அவனே சொல்றான். வண்டு அரிச்ச மரம். கொழந்தைகள் தலைல விழறதுக்கா? வா, போலாம்."

விறுவிறுவென்று வாசலைத் தாண்டிவிட்டார். தோண்டிபா பதறிப்போய், "துளயி ஏக்தம் மஜ்பூத், சேட்!" என்று கத்தினார். படு உறுதியாம். உறுதியான துளையா? எனக்கு உதைத்தது. பரணுக்குப் போகும் ஏணியில் ஏறி உத்தரம் முழுக்க விரலால் தடவினேன். ஓர் ஊசித் துளைகூட இல்லை. அதைத் தட்டிக் காட்டி, "யே க்யா?" என்றேன்.

"துளயி!"

அடக் கடவுளே, மராட்டியில் உத்தரத்துக்கே அதுதான் பேர்!

"அத்திம்பேர், இங்க வாங்கோ! துளையும் இருக்கு!" என்று கூவினேன். தூணில் சதுரமாகத் துளையிட்டு, உத்தரத்தின் நுனியை நாக்குப்போல் செதுக்கி உள்ளே செருகி, மர ஆப்பு அடித்திருந்தார்கள். ஆணியே கிடையாது. அத்திம்பேர் வந்து ஆப்பை ஆட்டிப் பார்த்தார், தூணை முட்டிப் பார்த்தார், பிறகு தன் ஹிந்தியில், "கப் ஆனா?" என்று கேட்டார். எப்போது குடிவரலாமாம்!

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். பரணில் வெளிச்சம் அப்போதுதான் நன்றாக விழுகிறது. புரிந்துவிட்டது என்று தோன்றும் வார்த்தையை மட்டும் இன்னொரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் துளயியில் அக்காவின் கடைக்குட்டிக்குத் தூளி தொங்குகிறது. கட்டியவர் அத்திம்பேர்தான்.