லைட்டா வலிக்கு

எனக்கு ஒரு சொல்லைக் கேட்டாலே ஆகாது. லைட்டா. பாபநாசம் போகிற சாலையில், பஸ் நிற்கும் இடத்தில், நானும் என் வீட்டுக்காரரும் டீக்கடை வைத்திருக்கிறோம். விடிந்ததிலிருந்து காதில் விழுவது இதுதான். லைட்டா ஒரு டீ. லைட்டா பசிக்கு, ரெண்டு வடை எடு. லைட்டா மழை வரும் போல. ஒருவர் மகள் கல்யாணத்தை லைட்டாக முடித்துவிட்டேன் என்றார். அந்தக் கல்யாணத்தில் நானும் சாப்பிட்டேன். மூன்று பந்தி தாண்டித்தான் எனக்கு இலை கிடைத்தது.

டீக்கும் மழைக்கும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். வலிக்குச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்தப் பழக்கம் எங்களுக்கு மலையில் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தோம். அங்கே சின்ன மருந்தகம் ஒன்று உண்டு. லைட்டா காய்ச்சல் என்றால் மாத்திரை தருவார்கள், போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகலாம். அதற்கு மேல் சொன்னால் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் மலைப்பாதையில் பஸ் இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும். பிள்ளைகளை யாரிடம் விடுவது? அதனால் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் எல்லாமே லைட்டாகத்தான் வலித்தது. பிரசவ வலி கண்ட அன்றைக்கு நானே அப்படிச் சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். அதைப் பெருமையாக வேறு பேசித் திரிந்தேன். புத்தி கெட்ட பெருமை.

மலையை விட்டு இறங்கியபோது பாதிச் சாமானை அங்கேயே போட்டுவிட்டு வந்தோம். இந்தப் பழக்கத்தைப் போடவில்லை.

கார்த்திகை மாதம், ஒரு காலை. வழக்கமாக வருகிற கண்டக்டர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஸ்ட்ராங்கா கேட்டா வெந்நீர் மாதிரி வருது? தூளக் கண்ணுல காட்டலையா?"

"குடிச்சிட்டுப் போம் வே. வந்துட்டாரு குறை சொல்ல."

என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் வெளிறிய டீ போட்டு நான் பார்த்ததே இல்லை. திரும்பினேன். இடது கை தொங்கிக் கிடந்தது. அந்தக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லட்டி. நெஞ்சுல லைட்டா வலிக்கு. வாயுவா இருக்கும்."

"ஆமா, நீங்கதான் பெரிய டாக்டரு. ஏறுங்க ஆட்டோல."

கண்டக்டர்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார். வழி முழுக்க இவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், "அவங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு திட்டிய நான் வாயைத் திறந்து, "லைட்டா வலி. வாயுன்னு சொல்லுதாங்க" என்றேன். சொன்னதை அவள் எழுதினாள். பெஞ்சில் உட்காரச் சொன்னாள். எங்களுக்கு முன்னால் சளியும் இருமலுமாக ஒரு பெரிய வரிசை.

உட்கார்ந்தோம். அவர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. யாருக்குப் பயந்து குறைத்துச் சொன்னேன்? இறங்க மலை இல்லை. தவறவிட பஸ் இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போயாயிற்று. ஆஸ்பத்திரிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பிக்கப் பார்க்கிறேன்.

எழுந்து போய் டாக்டர் அறைக் கதவைத் தள்ளினேன். "ஏ, வரிசைல வா" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேம்மா. லைட்டா இல்ல. அவுகளுக்குக் கையத் தூக்க முடியல, வேர்த்து ஊத்துது, தாடை வரைக்கும் வலிக்கு. எங்க ஆளுக லைட்டான்னு சொன்னா ரொம்ப முடியலன்னு அர்த்தம்."

அவள் உடனே எழுந்து ஓடி வந்தாள். ஈசிஜி எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். நல்ல நேரத்துக்கு வந்தீர்கள் என்றாள் டாக்டர். பெஞ்சில் போன நேரத்தை நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் குனிந்து கேட்டேன். "இப்ப எப்படி இருக்கு?"

"லைட்..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ரொம்ப வலிக்குட்டி" என்றார்.

இத்தனை வருஷக் குடும்பத்தில் அவர் வாயிலிருந்து அதை அன்றைக்குத்தான் கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், உண்மையைச் சொல்லுகிற மனுஷனைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பிழைத்தார். ரத்தக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஓய்வெடுத்துவிட்டு இப்போது கடைக்கு வருகிறார். பால் பாத்திரத்தை நான்தான் இறக்குகிறேன். டீயை அவர்தான் போடுகிறார், ஸ்ட்ராங்காக, பழையபடி. போன வாரம் எங்களோடு மலையிலிருந்து இறங்கிய ஒருத்தி வந்து, கால் லைட்டா வீங்கியிருக்கு என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"சேலையத் தூக்கிக் காலக் காட்டு முதல்ல. லைட்டாவாம், லைட்டா."

அடுத்த பஸ்ஸில் அவளை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது அவருக்குக் கொசு கடித்தாலும் சொல்லிவிடுகிறார். இன்றைக்குக் காலையில் முட்டி வலி, குனிய முடியவில்லை, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய தொல்லை. சொல்லட்டும்.