அடைத்த அறையில் ஓர் இருமல்

கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் கூடப்பிறந்த அக்காவுக்கு நடந்தது இது. பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிப்பவள் அவள். அன்றோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

அக்காவுக்குக் காசநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆடாதோடை, தூதுவளை என்று மூலிகைச் சாறுகளை எடுத்துக் கிருமியின் மீது விட்டுப் பார்ப்பாள். சாகிறதா, பிழைத்துக்கொள்கிறதா? அதற்கென்றே தனி அறை. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உடம்பு முழுக்க மூடிய உடை, முகமூடி, கையுறை.

அன்று விடுமுறை. சாயங்காலம். ஆய்வுக்கூடத்தில் அவள் மட்டும். ஃப்ரீசரில் கிடந்த பழைய கிருமி ஒன்றை எடுத்து வளர்த்து வைத்திருந்தாள். எந்த மாத்திரைக்கும் மசியாத ரகம். குழாயின் மூடியைத் திறந்தாள். ஆடாதோடைச் சாற்றை ஒரு சொட்டு விட்டாள்.

லொக்... லொக்...

இருமல். முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள். யாருமில்லை.

முகமூடிக்குள் தன் மூச்சுதான் அப்படிக் கேட்கிறதோ? மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

லொக்... லொக்... லொக்...

இப்போது இன்னும் கிட்டத்தில்.

சுவரில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. வாசல் காவலாளி.

"மேடம், டீ வாங்கப் போறேன். உங்க கூட வந்தவங்களுக்கும் சேர்த்து வாங்கட்டுமா?"

"கூடவா? யாரு அண்ணே?"

"உங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டு உள்ள வந்தாங்களே... போர்வை போத்திக்கிட்டு, ஒரு அம்மா..."

ஸ்பீக்கர் அணைந்தது.

ஓடிவிடலாம். ஆனால் கையில் திறந்த குழாய். தவறி விழுந்தால் அந்த அறையின் காற்றே எமன்.

மூடியை எடுத்தாள். குழாயின் வாயருகே கொண்டுபோனாள்.

கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு. உடைக்கு உள்ளே...

"மூடாதம்மா..."

மூடி பிடித்த கை பாதியில் நின்றது.

"மூச்சு முட்டுது..."

கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

குழாயை மூடினாள்.

நிசப்தம்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே போன அம்மா திரும்பி வரவே இல்லை என்று காவலாளி இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார்.

மறுநாள் தலைமை டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "அந்தக் கிருமி யார்கிட்டேருந்து எடுத்தது சார்?"

"ஒரு அம்மாகிட்டேருந்து. பாவம், எவ்வளவோ மருந்து குடுத்துப் பார்த்தோம். மூச்சுத் திணறியே போயிட்டாங்க. பதினோரு வருஷம் ஆச்சு."

கண்ணாடியைத் துடைத்தபடி அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அவங்க நெஞ்சுக்குள்ள இருந்தது மட்டும் இன்னும் சாகல. அதைத்தான் நாம வளர்த்துட்டு இருக்கோம்."