தறி ஓடும்போது மட்டும் கத்திய பேய்

சென்னை போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கஸ்தூரி அக்காவின் கணவர். “கஸ்தூரி போயிட்டாம்மா” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. “வீட்டுக்கு யாராவது வந்திருந்தாங்களா மாமா?” என்று கேட்டேன். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. “இல்லம்மா. நெஞ்சு வலிதான். ஆஸ்பத்திரியில நான் பக்கத்துலயே இருந்துகினு இருந்தேன்” என்றார்.

அக்காவை நெருங்கி அறிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

திருத்தணியில் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் நாங்கள் வேலை பார்த்தோம். மதிய சாப்பாடு முடிந்ததும் அக்கா பையிலிருந்து ஒரு மாத நாவலை எடுப்பார். பேய்க் கதை, இல்லாவிட்டால் கொலைக் கதை. வேறெதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. பாழடைந்த பங்களாவில் வரும் பேய்களை அவருக்குப் பிடிக்காது. “பேய்னா ஃபிரிட்ஜ் பக்கத்துல வந்து நிக்கணும். அதான் பயம்” என்பார். பாதிக் கதையில் என்னிடம் புத்தகத்தைத் தந்து, பேய் இருப்பதாக முதலில் சொன்னது யார் என்று தேடச் சொல்வார். “பேய அப்புறம் பாரு. சொன்ன ஆள மொதல்ல பாரு.” அது படிக்கும் சுவாரசியத்துக்காகச் சொன்னது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அக்காவின் தெரு நெசவாளர் தெரு. வீட்டுக்கு வீடு விசைத்தறி. பகலில் அங்கே பேச வேண்டுமென்றால் காதருகே போய்த்தான் பேச வேண்டும். எதிர்வீட்டுக்கு அரக்கோணம் பக்கமிருந்து சுகுணா என்ற பெண் மருமகளாக வந்திருந்தாள். கல்யாணமாகிச் சில மாதங்களில் அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று மாமியார் தெருவில் சொன்னாள். மாடி அறையில் வைத்திருக்கிறோம், யாரையும் பார்த்தால் வெறி வருகிறது என்றாள். தெரு நம்பியது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடுவதை நிறுத்தியது.

ஒரு விடுமுறை நாள் பகலில் மின்சாரம் நின்றது. தெருவின் அத்தனை தறிகளும் ஒரே நொடியில் அடங்கின. அந்த அமைதியில் ஓர் அலறல் மட்டும் மிச்சமிருந்தது. எதிர்வீட்டு மாடியிலிருந்து. அதுவும் பாதியில் நின்றது, வாயைக் கை பொத்தியதுபோல. அக்கா தன் வாசலில் நின்று அதைக் கேட்டார். மறுநாள் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். “கரண்ட் போனா அடங்கிப் போற பேய நான் எந்தக் கதையிலயும் படிச்சதில்ல” என்றார். பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “தறி சத்தத்துல அவ புருஷன் அவள அடிச்சிகினு இருக்கான்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பேய்க் கதை படிக்கிறவர் என்று தெருவே அவரைச் சொல்லும். அதையே காரணமாக்கினார். அந்த மாதிரிக் கதையைப் படித்துக் காட்டினால் பிடித்தது இறங்கும் என்று மாமியாரிடம் அந்தத் தெருக்காரர்கள் பேசும் தெலுங்கில் ஏதேதோ சொன்னார். அவள் மகன் கீழே தறியில் இருந்தான். தலையைத் தூக்கிப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாடி அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. சுகுணா பாயில் சுருண்டு கிடந்தாள். இடது கை வீங்கியிருந்தது. மாமியார் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா நாவலைப் பிரித்து நிதானமாக வாசிக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணால் வரியைத் தேடத் தொடங்கினேன். அக்கா வாசித்த வரிகள் அந்தப் பக்கத்தில் இல்லை.

“வந்தவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: உன்னை வதைப்பது ஆவி என்றால் என்னைப் பார்த்துக்கொண்டே இரு. மனிதன் என்றால் கண்ணை மூடு.”

சுகுணா கண்ணை மூடினாள்.

அக்காவின் குரல் மாறவில்லை. இரண்டு பத்தி உண்மையான கதையை வாசித்துவிட்டு மறுபடியும் சொன்னார்: “உன் தகப்பனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா? சரி என்றால் இன்னொரு முறை மூடு.” அவள் இறுக்கமாக மூடிக்கொண்டாள். இமையோரத்தில் நீர் வழிந்தது.

“பாவம், கதைக்கே அழுவுது பாரு” என்றாள் மாமியார்.

அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்த அக்காவின் கணவருக்குச் சுகுணாவின் அப்பாவைத் தெரியும். அன்றே தகவல் போனது. மறுநாள் காலை அவர் பெண் போலீசாரோடு வந்தார். சுகுணா படியிறங்கி வந்தபோது கணவன் தறியை நிறுத்தவில்லை. அவளைத் தாண்டி அக்காவைப் பார்த்து, “கதை படிக்கிறியே, உன் கதை எப்படி முடியுதுன்னு பாக்கலாம்” என்றான்.

வழக்குப் பதிவானது, ஜாமீனில் வந்துவிட்டான். அதன்பின் அக்கா வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் எதிர்வாசலில் நின்றான். திட்டவில்லை, தொடவில்லை. வெறுமனே நின்று பார்த்தான். சில நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றான். கிருத்திகைக் கூட்டத்தில் எங்கள் பின்னால் நடந்தான். காவல் நிலையத்தில் சொன்னபோது கண்டித்து அனுப்பினார்கள். சில நாள் காணவில்லை, மீண்டும் வந்தான். அக்காவின் பை மெலிந்தது. நாவல் வாங்குவதை விட்டுவிட்டார் என்று அப்போதுதான் கவனித்தேன். பயமா என்று கேட்டேன். “ஆங், பயந்தான். கதையில பயத்த மூடி வச்சிட்டுத் தூங்கலாம். இத எங்க மூடி வைக்கிறது?” என்றார். கோர்ட்டில் சாட்சி சொல்ல அழைப்பு வந்தபோது, அந்தப் பயத்தோடுதான் போய்ப் பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்தார். அவன் அங்கேயும் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்று தெருவில் எல்லாத் தறியையும் நிறுத்தியிருந்தார்கள். எதிர்வீட்டில் மட்டும் தறி ஓடிக்கொண்டிருந்தது. சுகுணா என் பக்கத்தில் நின்றிருந்தாள். இப்போது அரக்கோணத்தில் ஒரு தையல் கடையில் வேலை. அந்தச் சத்தம் கேட்டு அவள் தோள் ஒடுங்கியதைப் பார்த்தேன். ஆனால் அவள் போய்விடவில்லை. கூட்டத்தில் யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள்: வழக்கு முடியும் முன்பே அவனுக்கு நகரி பக்கம் மறுபடியும் பெண் பார்த்திருக்கிறார்கள், முதல் பெண்டாட்டி பேய் பிடித்துத் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கஸ்தூரி அக்காவைத் தைரியசாலி என்று பலரும் என்னிடம் சொன்னார்கள். அவர் அப்படி இல்லை. பயந்துகொண்டே போனவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அப்படிப் போவது ஒன்றைத்தான்.

போன ஞாயிறு நானும் சுகுணாவும் நகரி பஸ் ஏறினோம்.  விசாரித்து, அவனுக்குப் பெண் பார்த்த வீட்டைக் கண்டுபிடித்துத் தட்டினோம். கதவைத் திறந்தது அந்தப் பெண்தான்.