வசனமே இல்லாத அம்மா வேஷம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள், இத்தனை பேர் படிக்கிற இடத்தில் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கணவர்தான், "என்கிட்ட சொன்னத அப்படியே எழுது, போதும்" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

போன வருடம் மழைக்காலம் முடிகிற சமயம், கொல்கத்தாவில் நடந்தது இது. கிடர்பூரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையோரம் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை இருக்கிறது. காலையில் வங்காளிகளின் ஆராதனை நடக்கும். அவர்கள் முடித்துப் போனபின் அதே ஆலயத்தில் நாங்கள் கூடுவோம். வெளியே எப்போதும் லாரிகள் வரிசையில் நிற்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று, பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு சின்ன நாடகம் போடச் சொல்வார் எங்கள் போதகர். வேதாகமக் கதை இல்லை. மாமியார் மருமகள் சண்டை, எந்நேரமும் போனைப் பார்க்கிற பிள்ளை, குடி என்று நம் வீடுகளில் நடக்கிறதுதான். முடிவு மட்டும் சொல்ல மாட்டோம். சண்டை முற்றுகிற இடத்தில் அப்படியே நிறுத்திவிடுவோம். அங்கிருந்து அவர் பிரசங்கத்தைத் தொடங்குவார்.

இது நடந்ததற்கு முந்தின மாதம் குடிகாரக் கணவன் நாடகம். முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. நடித்த தம்பி தள்ளாடிக்கொண்டே வாசல் வழியாக உள்ளே வந்தான். தாடி ஒட்டியிருந்ததால் அடையாளம் தெரியாமல், சபைப் பெரியவர்கள் இரண்டு பேர் அவனை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் ரோட்டில் விட்டுவிட்டார்கள். "அங்கிள், நான்தான் அங்கிள்!" என்று அவன் கத்தியதை மாதம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பாவம், புதுச் சட்டை வேறு கிழிந்துபோனது.

அதனால் இந்த முறை போதகர் முதலிலேயே அறிவித்துவிட்டார். "யாரு உள்ள வந்தாலும் சரி, என்ன நடந்தாலும் சரி, ஒருத்தரும் எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது." எல்லோரும் இந்தத் தடவை ஏமாறுவதில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போடுவதுதான் அன்றைய நாடகம். அம்மா நான். வசனம் கிடையாது என்றதால்தான் ஒப்புக்கொண்டேன். தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்து, முன்னால் ஒரு பெஞ்சில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார்கள்.

சண்டை சூடுபிடித்த நேரத்தில், லுங்கி கட்டிய ஓர் ஆள் வாசலிலிருந்து நடுவழியாக ஓடிவந்தார்.

"ஏனுங்க, யாராச்சும் வாங்க! லாரியில எங்கண்ணன் மயங்கிக் கெடக்குறாருங்க. நெஞ்ச புடிச்சுட்டு அப்படியே சாஞ்சுட்டாருங்க. இங்க ஒருத்தருக்கும் நம்ம பேச்சு புரியலீங்க!"

ஒருவரும் அசையவில்லை. சிலர் புன்னகையோடு தலையாட்டினார்கள். "பேச்சுகூட அசல் நாமக்கல்லு மாதிரியே இருக்கே, யாரு இந்தப் பையன்?" என்று பெண்கள் பக்கம் ஒரு குரல் கேட்டது. என் மூத்த மகனாக நடித்தவன், போதகர் ரகசியமாக ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான். போதகரோ, பையன்கள்தான் புதிதாக எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. எங்கம்மாவையும் உங்க லாரியிலயே ஏத்திக்கிட்டுப் போயிருங்களேன்" என்றான் என் மூத்த மகன்.

ஆலயமே சிரித்தது. அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

படுத்திருந்த எனக்கு அவருடைய கால்கள்தான் தெரிந்தன. ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு காலில் இல்லை. பெருவிரல் பெயர்ந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஒத்திகையில் இப்படி ஓர் ஆள் கிடையாது. தலை நரைக்கப் பவுடர் கொட்டுகிற எங்களுக்கு இந்த மாதிரி ரத்தம் வரவழைக்கவும் தெரியாது.

எழுந்து உட்கார்ந்தேன். "இது நாடகம் இல்ல" என்றேன்.

சிரிப்பு இன்னும் பெரிதானது. படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவி எழுந்து பேசினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? "அம்மைக்கு சொகமாயிட்டுடே!" என்று ஆண்கள் பக்கம் ஒருவர் சொல்ல, கைதட்டல் வேறு. வெட்கத்தில் மறுபடியும் போர்வைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, நீங்களாச்சும் வாங்கம்மா" என்று அழுதார்.

போர்வையைத் தள்ளிவிட்டு இறங்கினேன். எங்கள் சபையில் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். நேராக அவர் முன்னால் போய் நின்று, "அக்கா, வெளிய நெசமாவே ஒரு உசுரு போவுது. எந்திரிங்க!" என்று கத்தினேன். என் வீட்டில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். உடனே எழுந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

லாரியில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடந்தார் அந்த அண்ணன். சட்டை முழுக்க வியர்வை. போன மாதம் எங்கள் நடிகனைத் தூக்கி வெளியே விட்டார்களே, அதே இரண்டு பெரியவர்கள்தான் இவரையும் அத்தனை உயரத்திலிருந்து பூப்போல இறக்கினார்கள். மஞ்சள் டாக்ஸி ஒன்றை நிறுத்தி அவரை ஏற்றி, நர்ஸ் அக்காவும் நானும் உதவி கேட்டு ஓடிவந்த அவர் தம்பியும் கூடவே ஏறினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் ஓர் ஊழியர் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தார். வந்தவர் நோயாளியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து, "திதா, போஷுன், போஷுன்" என்று உட்கார வைக்கப் பார்த்தார். தலை நரையைப் பார்த்து என்னைப் பாட்டி என்று நினைத்துவிட்டார்! நான் தலையைத் தட்டிக் காட்டினேன், பவுடர் பறந்தது. அந்தப் பதற்றத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாரடைப்புதான். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். வெளியே காத்திருக்கும்போதுதான் அந்தத் தம்பி சொன்னார்: கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். கடைசியில் எங்கிருந்தோ தமிழில் சண்டை போடுகிற சத்தம் கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தாராம்.

நாங்கள் திரும்பியபோது ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. ஜெபம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிழைத்துவிட்டார் என்றதும் என் நாடகத்து மூத்த மகன் வந்து, "ஆன்ட்டி, நான் அப்படிக் கேலி பண்ணியிருக்கக் கூடாது" என்று தலைகுனிந்து நின்றான். "நீ நடிச்சது நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போதும் முதல் ஞாயிறுகளில் நாடகம் உண்டு. ஆனால் போதகர் அறிவிப்பை மாற்றிவிட்டார். "சந்தேகமா இருந்தா எந்திரிச்சு வந்திருங்க. நாடகம் கெட்டாலும் பரவால்ல" என்கிறார். நானும் அதே கூச்சக்காரிதான், வசனமில்லாத வேஷம்தான் கேட்கிறேன். ஆனால் உதவி கேட்டு யாராவது வந்தால், அவர்கள் பேச்சை எடை போடுவதற்கு முன்னால் என் கண் தானாகவே அவர்கள் கால்களைப் பார்த்துவிடுகிறது.

சொல்ல விட்டுப்போனது ஒன்று: அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை. பவுடர் போகத் தலைக்குக் குளித்துவிட்டு, ரசம் சாதம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லாரிக்கார அண்ணனுக்கு இன்னும் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்றார்கள். தம்பிதான் சாப்பிட்டார்.