பதினோரு கேட் பாஸ்

அப்பா கவனமில்லாத மனிதர் என்றுதான் பதினேழு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வருடம் ஒருமுறை கான்ட்ராக்டர் மாறுவார். அதே ஆட்கள், அதே வேலை, கேட் பாஸ் மட்டும் புதிது. பழைய பாஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பா ஒவ்வொரு முறையும் தொலைந்துவிட்டது என்று சொல்லி, செக்யூரிட்டியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவார்.

“இந்தாளு ஒருநாளு தலையத் தொலைச்சிட்டு வந்து நிக்கப் போறாரு” என்பார் அம்மா.

தொலைந்த பாஸ்கள் எல்லாம் பீரோவின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில் நான்தான் கண்டெடுத்தேன். சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலில் காட்ட வேண்டிய படைப்புகளில் பென்சில் படங்களும் வாட்டர் கலரும் தயார். பல பொருள்களை ஒட்டிச் செய்யும் மிக்ஸ்டு மீடியா படம் ஒன்றுதான் பாக்கி. “கடையில வாங்காத. உங்க வீட்டுல என்ன இருக்கோ அதுல செய்” என்று பள்ளி டிராயிங் மிஸ் சொல்லியிருந்தார்.

மூன்றடிக்கு இரண்டடி பிளைவுட் பலகையில், லேமினேட் செய்த பதினோரு பாஸ்களையும் விரித்த கை போல ஒட்டினேன். பதினோரு பாஸிலும் அப்பாவின் முகம். ஒன்றுக்கொன்று முடி குறைந்துகொண்டே போனது. பெயர், கான்ட்ராக்டர், தேதி எல்லாம் கண்ணை உறுத்தின. எங்கள் வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் நிற எனாமலை எடுத்து, முகங்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடினேன். கடைசி மூன்று பாஸுக்கு வரும்போது பெயின்ட் தீர்ந்துவிட்டது.

அப்பாவிடம் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று தோன்றியதால் கேட்கவில்லை. இதை மறதி என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை முயன்று பார்க்கிறேன், முடியவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை அப்பா பீரோவைக் கலைத்துக்கொண்டிருந்தார். அவரும் அதே பிரிவில் வேலை பார்க்கும் மூன்று பேரும், தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் திருவள்ளூரில் விசாரணை. எத்தனை வருடம் வேலை செய்தார்கள் என்பதற்கு அவர்கள் கையில் இருந்த ஒரே சாட்சி பழைய பாஸ்கள். மற்ற மூவரிடமும் நடுவில் பல வருடங்களின் பாஸ்கள் இல்லை. நான்கு பேருக்கும் ஒரே நாளில் பாஸ் போடுவார்கள் என்பதால், அப்பாவின் தேதிகளைத்தான் அவர்களும் நம்பியிருந்தார்கள்.

நான் படத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாத்துலயும் மொறைச்சிக்கினே கீறேன்” என்றார். பிறகு, “நாளைக்கு இத்தயே தூக்கினு போவலாம். நீயும் வா. எது எந்த வருசம்னு நீதான் சொல்லணும்.”

போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டுபோனோம். அலுவலக வாசலில் மற்ற மூவரும் ஆளுக்கொரு கவரோடு நின்றிருந்தார்கள். அவர்களில் இளையவர் சிரித்தார். “இன்னாண்ணே, நாங்கல்லாம் கவர்ல எடுத்தாந்தா நீ உனக்குக் கட்-அவுட்டே வச்சிட்ட?”

போர்வையை விலக்கியதும் சிரிப்பு நின்றது.

அதிகாரி படத்தை நாற்காலியில் சாய்த்து வைக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்கு. தேதி எங்கம்மா?”

“பெயின்ட்டுக்கு அடியில இருக்கு சார்.”

“லேமினேஷன் மேலதானே அடிச்சிருக்க? பெயின்ட்டை எடுத்துட்டா தேதி தெரியுமே.” அப்பாவைப் பார்த்தார். “எடுக்க வருமாய்யா?”

வரும். தின்னரில் நனைத்த துணியால் துடைத்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஒரு முகத்தின் மேல் சிந்திய பெயின்ட்டை நானே அப்படித்தான் எடுத்திருந்தேன். ஆனால் துடைத்தால் படம் போய்விடும். திங்கட்கிழமை நேர்காணல், வேறொன்று செய்ய நேரமில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

“வராது சார்” என்றார் அப்பா. “எனாமல் காஞ்சிட்டா அவ்ளோதான். பேத்தா கார்டும் கூட வந்துரும்.”

அதிகாரி மற்ற மூவரையும் பார்த்தார். இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். இளையவர் கையிலிருந்த கவரை ஒருமுறை மடித்து, “ஆமா சார், வராது” என்றார்.

தேதி தெரிந்த மூன்று பாஸ்களை மட்டும் அதிகாரி குறித்துக்கொண்டார். அந்த மனு அதற்கு மேல் நகரவில்லை. நான்கு பேரும் கான்ட்ராக்டிலேயே தொடர்ந்தார்கள். நேர்காணலில் அந்தப் படத்தை முன்னால் எடுத்துவைத்து மூன்று பேராசிரியர்கள் பேசினார்கள். எனக்கு இடம் கிடைத்தது.

விசாரணை முடிந்து அன்று திரும்பிய பஸ்ஸில் கூட்டம். படத்தில் கீறல் விழாமல் இருக்க, இளையவர் அதை ஜன்னல் பக்கம் திருப்பித் தன் முழங்காலில் அணைத்துப் பிடித்திருந்தார். “பாப்பா, இத்த காட்டச் சொல்லோ எங்க பேரையும் சொல்லு” என்றார். நான் தலையாட்டினேன். விசாரணைக்கென்று நால்வரும் குளித்து, நல்ல சட்டை போட்டு வந்திருந்தார்கள். அப்படியும் அவர்கள் உடம்பிலிருந்து தின்னர் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் நடுவில் உட்கார்ந்து, நல்லவேளை, பெயின்ட் வரும் என்பது இவர்களில் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.