சவுக்குத் தோப்புக்கு வாங்கிய மிஷின்

போன வாரம் புதுப்பட்டினம் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தேன். முன்னால் ஒரு பழைய ஸ்கூட்டர். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடுகிற வண்டி. புகை மூக்கில் ஏறியதும் என் கை, மிஷின் பிடியைப் பிடிக்கிற மாதிரி, தானாக மூடிக்கொண்டது. மரம் அறுக்கிற மிஷினுக்கும் அதே ஆயில், அதே புகை. பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

அந்த மிஷினை நான் வாங்கியது புயல் அடித்த வருஷம். கடலோரத்துச் சவுக்குத் தோப்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. நான் அதுவரை கோடாலிக்காரன். விறகு வெட்டித்தான் சோறு. விழுந்த மரத்தைச் சீக்கிரம் அப்புறப்படுத்தச் சொன்னார் தோப்புக்காரர். வேலைக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி கோடாலிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்.

"மிஷினோட வந்தா வேல மச்சான். இல்லனா வூட்ல போயி படு."

வீட்டில் அரிசி இல்லை. என் பெண்டாட்டி செல்வி வயிற்றுப்பிள்ளைக்காரி. கம்மலைக் கழற்றி என் கையில் வைத்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை.

செங்கல்பட்டில் கடை. கம்மலை விற்ற காசோடு இருவரும் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் கேட்டார்.

"ஏற்கெனவே ஓட்டிக் கீறியா?"

"பயக்கம் கீது" என்றேன்.

"பொய்யி அண்ணாத்த. அதுக்குக் கோடாலிதான் தெரியும்" என்றாள் செல்வி. அது என்றால் நான்.

என் கண் பெரிய மிஷின்மேல் இருந்தது. கை நீளத்துக்குப் பிளேடு. மேஸ்திரியோடு சுற்றுகிற ஆட்களிடம் அப்படித்தான் பார்த்திருந்தேன். அதைத் தோளில் வைத்துத் தெருவில் நடப்பது போல ஒரு நினைப்பு வேறு. அரிசி இல்லாதவனுக்கு அந்த நினைப்பு.

"தூக்கு" என்றாள். தூக்கினேன். "தூக்கிக்கினே நில்லு."

நின்றேன். அவள் கடைக்காரரிடம் பேச ஆரம்பித்தாள். செயின் அறுந்தால் இங்கே கிடைக்குமா, கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற தடுப்பு எதற்கு, மிஷின் துள்ளினால் செயின் நிற்குமா. ஒவ்வொன்றாக, மீன் விலை கேட்கிற மாதிரி. அவள் பிறந்தது மீன்காரக் குப்பம். பேரம் பேசினால் சீக்கிரம் முடியாது. மிஷினை மெல்ல முழங்காலில் முட்டுக் கொடுத்தேன். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள்.

"சவுக்கு இன்னா ஆலமரமா? அந்தச் சின்னதக் குடு அண்ணாத்த. இது மரத்த அறுக்கறதுக்கு முன்ன இவர அறுத்துடும்."

சின்னதோடு வந்தோம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் தோப்பு. நாங்கள் சவுக்கு வெட்டுகிற விதம் ஒன்று உண்டு. காலால் மணலைத் தள்ளிவிட்டு அடியோடு அடியாக வெட்டுவோம். விறகு எடைக்குப் போகிறது. அடிக்கட்டைதான் கனம். அதை விட்டுவிட்டு மேலே வெட்டினால் மேஸ்திரி திட்டுவார். எனக்கு அதே பழக்கம். விழுந்த மரத்தின் அடிக்குப் போய், மணலைத் தள்ளி, மிஷினை வைத்து அழுத்தினேன். பொறி பறந்தது. மணலைக் கடித்துவிட்டது செயின். பல் எல்லாம் மழுங்கிப்போய், மரம் அறுபடாமல் கருகியது. முதல் மரமே அறுந்து முடியவில்லை.

மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா மச்சான், மரத்துக்குப் பீடி பத்த வக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள ஒரு லோடு ஏறணும். இல்லனா நாளிக்கு வராத."

மணலில் உட்கார்ந்துவிட்டேன். கம்மல் போனது, மிஷினும் போனது என்றுதான் நினைத்தேன். செல்வி கஞ்சித் தூக்கோடு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மிஷினோடு கொடுத்த அரத்தை எடுத்து, செயினை மடியில் போட்டு, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். மீன் கத்தி தேய்த்த கை. வெயில் தலைக்குமேல் வந்தது. அந்தக் கஞ்சியை நான் குடிக்கவில்லை.

"இனிமே மணல்ல வக்காத. கட்டய முட்டுக் குடுத்துத் தூக்கிக்கினு அறு. அடில கொஞ்சம் போனா போவட்டும். ஏசுனா ஏசிட்டுப் போறாரு."

அப்படித்தான் அறுத்தேன். மரத்துக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்புவேன். அவள் குட்டைக் கட்டையைக் காலால் உருட்டி உள்ளே தள்ளுவாள். மணலில் படாமல் செயின் ஓடியது. இருட்டுகிற நேரத்தில் லோடு ஏறியது. நாங்கள் அறுக்காமல் விட்ட அடிக்கட்டைகளை மேஸ்திரி பார்த்தார். ஏசினார்.

"நாளிக்கு வா" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் போனோம். ஒரு லோடு ஏறினால் அன்று அடுப்பு எரியும். சீக்கிரம் ஏறினால் எங்களுக்குச் சந்தோஷம். லோடு ஏற ஏறத் தோப்பு குறைந்தது. அதை நாங்கள் பார்க்கவில்லை. வெளிச்சம் கூடுகிறதே என்று மட்டும் செல்வி ஒருநாள் சொன்னாள்.

கடைசி லோடு போன அன்று மேஸ்திரியிடம் கேட்டேன். அடுத்து எந்தத் தோப்பு?

"ஏது தோப்பு? இனிமே மரம் நட மாட்டாங்க. மனை போடறாங்க."

நாங்கள் விட்டுவைத்த அடிக்கட்டைகளையெல்லாம் ஜேசிபி வந்து பிடுங்கியது. முட்டுக்காடு வரைக்கும் தோப்பு வேலை கேட்டுப் பார்த்தேன். எங்கே போனாலும் சுற்றுச்சுவர். விறகாவது வேண்டுமா என்று கேட்டால், டீக்கடைக்காரர் கேஸ் சிலிண்டரைத் தட்டிக் காட்டினார்.

செல்விக்கு மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஷினில் ஒரு குறையும் இல்லை. அவள் தேய்த்த பல் அப்படியே கூராக இருந்தது. அறுக்கத்தான் மரம் இல்லை.